பாம்பின் கால் பாம்பறியுமா?

மாலை நிகழ்ச்சி செய்யும் எனக்கும் மழைக்கும் நெருங்கிய உறவு உண்டு. நான்கு மணிக்கு மேல் வானம் இருண்டதும் நிலையத்தில் போக்குவரத்துத் தகவல்கள் வந்து குவியும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு கார் தடுப்பில் மோதி நிற்கிறது. காராக் நெடுஞ்சாலை இறக்கத்தில் இன்னொன்று திசைமாறித் திரும்பி நிற்கிறது. ‘சறுக்கியது’ என்ற சொல்லை ஒலிவாங்கியில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. டயர் சாலையை விட்டுப் பிடியைத் தளர்த்திய அந்த ஒரு கணத்தின் பெயர்தான் ‘சறுக்கல்’.

ஆகவே, இந்த வாரம் டயர். அதுவும் கொஞ்சம் விசித்திரமான ஒரு காரின் டயர்.

கிள்ளானில் லோரி போக்குவரத்துத் தொழில் நடத்தும் என் பெரியப்பா மகன், இருபது ஆண்டுக் கனவை நனவாக்கி ஒரு ‘கோப்ரா’ வாங்கிவிட்டார். அசல் அல்ல, பிரதி. 1962ல் அமெரிக்காவின் கேரல் ஷெல்பி, பிரிட்டனின் ஏசி நிறுவனத்தின் சிறிய திறந்த காரில் ஃபோர்டின் வி8 இயந்திரத்தைப் பொருத்தி உருவாக்கியதுதான் கோப்ரா. அறுபதுகளில் வந்த அசல் கார்கள் ஏறத்தாழ ஆயிரம்தான் இருக்கும். இன்று அவற்றின் விலையைக் கேட்டால் கிள்ளானில் ஒரு வரிசை வீடு போதாது. அதனால்தான் அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிரதிகளைத் தயாரிக்கிறார்கள். நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால், தென்னாப்பிரிக்காவில் வலப்பக்கச் சக்கரத்தோடும் கிடைக்கிறது. அண்ணன் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. கைமாறி வந்த வண்டி.

காரைப் பார்த்தவுடன் எல்லாரும் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். அண்ணி மட்டும் வேறொன்று கேட்டார்.

“பிள்ளைய இதுல கல்யாண மண்டபத்துக்கு ஏத்திட்டுப் போறேன்னு சொல்றீங்க. மழை பேஞ்சா?”

“மழை பேஞ்சா எடுக்கமாட்டேன்” என்றார் அண்ணன்.

“மழை விட்ட பிறகு ரோடு உடனே காஞ்சிடுமா?”

நாற்பது லோரிகளுக்கு டயர் மாற்றியவரிடம் அதற்குப் பதில் இல்லை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கிள்ளான் வீட்டிலிருந்து ஷா ஆலாம் மண்டபம் வரை மணப்பெண்ணைத் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசை நான்கு டயரில் வந்து நின்றது.

வயது எழுதியிருக்கிறது

காரோடு வந்த டயர்கள் பார்க்க அழகாக இருந்தன. பக்கவாட்டில் வெள்ளை எழுத்து, ஆழமான பள்ளங்கள், தேய்மானமே இல்லை. தேயாததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. அண்ணன் கைவிளக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் தேடினார். ‘டிஓடி’ என்று தொடங்கும் நீண்ட எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்கள் 2312. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் ஆண்டு. அதாவது 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

ஓடாத டயருக்கும் வயதாகும். காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் வெப்பமும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். பள்ளம் அப்படியே இருக்கும், பிடிமானம் போயிருக்கும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதியுங்கள், பத்து ஆண்டானால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்று மிஷலின் போன்ற தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. வாரம் ஒருமுறை வெளியே எடுக்கும் ஆசைக் கார்களுக்கு வரும் நோய் இதுதான். தேய்ந்து சாகாது, காய்ந்து சாகும்.

சரி, புது டயர் போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல்.

பதினைந்து அங்குலப் பிரச்சினை

அறுபதுகளின் கோப்ராவில் இருந்தது 15 அங்குல ரிம். பிரதியும் அதே தோற்றத்துக்காக அதே அளவில் வரும். அண்ணனின் காருக்குப் பின்பக்கம் 275/60 ஆர் 15, முன்பக்கம் 235/60 ஆர் 15.

இந்த எண்களைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட வகுப்பு. 275 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் 60 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், அதாவது 165 மில்லிமீட்டர். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவரையும் ரிம்மையும் கூட்டினால் டயரின் முழு உயரம் 711 மில்லிமீட்டர்.

பதினைந்து அங்குலத்தில் வேகமான டயரே இல்லை என்று சொல்ல முடியாது. நிறையவே உண்டு. 195/50 ஆர் 15 என்ற அளவில் பந்தயத் தரத்துக்கு நெருங்கிய டயர்களைப் பல ஜப்பானிய நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் அவை சின்னக் கார்களுக்கானவை. முழு உயரம் 576 மில்லிமீட்டர்தான். கோப்ராவுக்குப் போட்டால் யானைக்குக் குழந்தையின் செருப்பு மாட்டியது போல இருக்கும்.

ஏன் பெரிய 15 அங்குல டயரில் புதுச் சரக்கு வருவதில்லை? டயர் ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். அச்சு செய்யவும், புதுக் கலவையைச் சோதிக்கவும் ஆகும் செலவை விற்பனை ஈடுகட்ட வேண்டும். இன்று வேகக் கார்கள் எல்லாம் 18, 19, 20 அங்குலத்துக்குப் போய்விட்டன. ஆராய்ச்சியும் அவற்றின் பின்னாலேயே போய்விட்டது. பழைய அளவுகளில் பழைய வடிவங்களே தொடர்ந்து அச்சாகின்றன.

நம் முன்னோர் பால் மரம் சீவிய காலத்து டயருக்கும் இன்றைய டயருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. டன்லப் நிறுவனத்துக்கு மலாயாவிலேயே தோட்டங்கள் இருந்தன. அந்தப் பாலில்தான் உலகம் உருண்டது. இன்றும் லோரி டயரிலும் விமான டயரிலும் இயற்கை ரப்பர் அதிகம், ஏனென்றால் அது சுலபத்தில் சூடேறாது. வேகக் காரின் டயரிலோ செயற்கை ரப்பரும் சிலிக்காவும் சேர்ந்த கலவை. ஈரச் சாலையைப் பிடிக்கும் திறன் இந்த முப்பது ஆண்டில் இவ்வளவு கூடியதற்கு அந்தக் கலவை ஒரு முக்கியக் காரணம். பழைய அளவில் டயர் தேடுகிறவருக்கு எட்டாமல் போவது இந்த முன்னேற்றம்தான்.

மூன்று வழிகள்

அண்ணன் முன் மூன்று வழிகள் இருந்தன. இரண்டு வாரம் இரவு உணவு மேசையில் இதே பேச்சு.

முதல் வழி, அளவு மாறாமல் கிடைப்பதைப் போடுவது. இந்த அளவுகளில் உலகம் முழுக்க அறிமுகமானது பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ. அமெரிக்காவின் பழைய வி8 கார்களுக்கென்று பல பத்தாண்டுகளாக வரும் டயர். வெள்ளை எழுத்து, நீண்ட ஆயுள், காலத்துக்கு ஏற்ற தோற்றம். அந்த வேலைக்கு அது நல்ல டயர். ஆனால் அது எல்லாப் பருவத்துக்குமான டயர். பனி பெய்யும் ஊரையும் மனத்தில் வைத்துச் செய்தது. கிள்ளானில் பனி பெய்தால் நான் முதல் ஆளாக நேரலையில் சொல்கிறேன், அதுவரை அந்தத் தகுதி நமக்குத் தேவையில்லை.

அதன் வேக எழுத்து ‘எஸ்’. அதாவது 180 கிலோமீட்டர். ‘டி’ என்றால் 190, ‘எச்’ 210, ‘வி’ 240, ‘டபிள்யூ’ 270, ‘ஒய்’ 300. நம் நெடுஞ்சாலையில் உச்ச வரம்பே 110 என்பதால் ‘எஸ்’ போதாதா என்று கேட்கலாம். வேகத்துக்குப் போதும். ஆனால் அந்த எழுத்து, டயரை என்ன மாதிரி வேலைக்காகக் கட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறது. மைவியைவிடச் சற்றே கூடுதல் எடை, அதன் மூன்று நான்கு மடங்குச் சக்தி, ஏபிஎஸ் கிடையாது, சறுக்கலைத் தடுக்கும் மின்னணு உதவி எதுவும் கிடையாது. அண்ணனின் வண்டி அப்படி. ஓட்டுநரின் கால் தவறினால் திருத்துவதற்கு டயரை விட்டால் யாருமில்லை.

இரண்டாவது வழி, சிறப்புத் தயாரிப்புகள். பிரிட்டனின் ஏவான் சிஆர்6இசட்இசட் போன்றவை பழைய வேகக் கார்களை விரும்புகிறவர்களுக்கென்றே வந்தவை. கலவை மென்மையானது, பிடிமானம் அதிகம், தோற்றமும் பொருந்தும். ஆனால் இங்கே கடையில் நுழைந்து வாங்க முடியாது. வரவழைக்க வேண்டும். டயர் விலையோடு கப்பல் கூலியும் வரியும் சேரும். ஒன்று கிழிந்தால் அடுத்தது வரும்வரை கார் வீட்டில். நான்கும் வந்து சேரும்போது அவற்றின் வயது என்ன என்பது இன்னொரு கேள்வி.

இந்த வழியில் ஒரு கிளை உண்டு. பந்தயத்துக்கு நெருங்கிய அரை வழுக்கை டயர்கள். அண்ணனின் மகனுக்கு அதன்மேல்தான் கண். “செப்பாங்குக்குப் போலாம்பா” என்றான். செப்பாங் பந்தயத் தடத்தில் காய்ந்த நாளில் அவை அற்புதம்தான். ஆனால் பள்ளம் குறைவான டயருக்குத் தேங்கிய நீர் எமன். அகல டயரும் இலேசான காரும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஓர் அங்குலப் பரப்பில் விழும் எடை குறைவதால், டயர் நீரைத் துளைத்துக்கொண்டு தரையைத் தொடாமல் அதன்மேலேயே மிதக்கும். சக்கரத்தைத் திருப்பினாலும் கார் கேட்காது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால மழையில் அரை நிமிடம் அது நடந்தால் போதும்.

மூன்றாவது வழி, ரிம்மையே மாற்றுவது. பழைய கோப்ரா ரிம்மின் அதே தோற்றத்தில் 17, 18 அங்குல ரிம்கள் பிரதிக் கார்களுக்கென்றே விற்கின்றன. 17 அங்குலத்துக்குப் போனவுடன் கதவு திறந்துவிடும். மிஷலின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 என்று நம்மூர் டயர் கடைச் சுவரில் படமாகத் தொங்கும் வரிசைகள் எல்லாம் கைக்கு எட்டும். வெயிலும் ஈரமும் உள்ள சாலைக்கென்று செய்த, புதுக் கலவை டயர்கள்.

அண்ணன் எதிர்த்தது இந்த வழியைத்தான். “கோப்ராவுக்குக் குண்டு டயர்தான் அழகு” என்றார். உண்மைதான். 17 அங்குலத்தில் பக்கச்சுவர் மெலியும், சக்கர வளைவில் இடைவெளி தெரியும். 1965ல் வந்த பெரிய கோப்ராவின் பின்பக்கத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கு அது உறுத்தத்தான் செய்யும். நான் சொன்னது ஒன்றுதான். 1962ன் முதல் கோப்ராக்கள் கம்பிச் சக்கரத்தில் ஓடின. அந்த டயரின் அகலம் இன்றைய சிறிய குடும்பக் காரின் டயர் அளவுதான். எந்தக் கோப்ரா அசல் என்று யார் முடிவு செய்வது?

முடிவு எப்படி வந்தது

கடைசியில் பேச்சை முடித்தவர் அண்ணி. ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் அந்தக் கார் எங்கெல்லாம் போனது என்று எழுதச் சொன்னார். கிள்ளானிலிருந்து பந்திங் கடற்கரைச் சாலை. ஞாயிறு காலை பசியாற ஷா ஆலாம். இரண்டு முறை கெந்திங் மலை. ஒருமுறை கூட செப்பாங் இல்லை. அந்தப் பட்டியலில் பாதிப் பயணம் ஈரச் சாலையில்தான்.

“நீங்க ஓட்டுற ரோட்டுக்கு டயர் வாங்குங்க. நீங்க கனவு காணுற ரோட்டுக்கு வேணாம்” என்றார்.

அதற்குப் பிறகு வேலை எளிதாயிற்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு, 245/45 ஆர் 17. பழைய மெர்சிடிஸ் இ-கிளாஸ் கார்கள் போட்ட அளவு என்பதால் நம்மூர்க் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. முழு உயரம் 652 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் பெரிய மாற்றமில்லை. பின்பக்கத்தில் 711லிருந்து 8 விழுக்காடு குறைவு. பின்சக்கரத்தின் சுழற்சியைக் கணக்கிடும் வேகமானி உண்மையில் 100ல் போகும்போது ஏறத்தாழ 109 காட்டும். பொமன் அதைத் திருத்திக் கொடுத்தார்.

இழப்பு இல்லாமல் இல்லை. பின்டயரின் அகலம் 30 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. காய்ந்த சாலையில் எண்ணெய் மிதியை அழுத்தினால் முன்பைவிடச் சீக்கிரம் பின்பக்கம் அசையும். அதற்கு மருந்து வலது காலின் பணிவுதான். பதிலுக்குக் கிடைத்தவை மூன்று. ஈரத்தில் நம்பிக்கை, நாளையே கடையில் கிடைக்கும் மாற்று டயர், நான்கையும் இடம் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய்க்கும் வசதி. பழைய ரிம்களைத் துடைத்துச் சுவரில் மாட்டிவிட்டார்.

காற்றழுத்தத்தையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் நிலையத்தில் சாதாரணக் காருக்கு 220, 230 என்று அடித்துப் பழகிய கை, இந்த இலேசான காருக்கும் அதையே அடித்தால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொடும். கார் தயாரிப்பாளர் சொன்ன அளவிலிருந்து தொடங்கி, டயர் சூடாகும் முன் அளந்து, சிறிது சிறிதாக மாற்றித்தான் சரியான அளவுக்கு வந்தார் அண்ணன்.

கல்யாணத்துக்கு மகள் அந்தக் காரில்தான் போகிறாள். ஒரே நிபந்தனை, அண்ணியுடையது. கொட்டும் மழை என்றால் குடும்ப வேன். கூரையில்லாத காரில் பட்டுச் சேலை நனைவதை எந்த டயராலும் தடுக்க முடியாது.

உங்கள் காருக்கும்தான்

நம்மில் யாரிடமும் கோப்ரா இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு நம் மைவிக்கும் சாகாவுக்கும் பொருந்தும். அபூர்வ அளவு டயர் தேடுகிறவர் கையில் கிடைப்பதை வாங்கிவிடுவார். நாமோ எல்லா அளவும் கிடைக்கும் நாட்டில் இருந்துகொண்டு, விலையை மட்டும் கேட்டு வாங்குகிறோம்.

அடுத்த முறை டயர் கடைக்குப் போனால் நான்கு விஷயம் பாருங்கள். முதலில் வயது. கடைசி நான்கு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், பொருத்துவதற்கு முன்பு. இரண்டாவது, வேக எழுத்தும் எடை எண்ணும் உங்கள் காரின் கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது. மூன்றாவது, வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐக்கிய நாடுகளின் தர விதிப்படி அங்கீகாரம் பெற்றது என்பதற்கு அது அடையாளம். நான்காவது, இரண்டு டயர் மட்டுமே மாற்றப் பணம் இருந்தால் புதியதைப் பின்பக்கம் போடுங்கள். முன்பக்கம் சறுக்கினால் காலைத் தளர்த்தி ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்கம் சறுக்கினால் கார் சுழலும்.

தேய்மான எண்ணைப் பற்றியும் கேட்பீர்கள். பக்கவாட்டில் ‘டிரெட்வேர்’ என்று 200, 400 போல எண் இருக்கும். எண் குறைந்தால் பொதுவாக ரப்பர் மென்மை, பிடிமானம் கூடுதல், ஆயுள் குறைவு. ஆனால் அந்த எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட உதவாது.

சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை போகலாம். மழை ஊரில் வாழும் நாம் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவதைப் பற்றி யோசிப்பது நல்லது.

ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ உங்கள் உள்ளங்கை அளவுதான். நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை. பிள்ளைகள் பின்னிருக்கையில் தூங்க, அப்பா அம்மா முன்னால் பேசிக்கொண்டு பாலெக் கம்பொங் போகும்போது, மொத்தக் குடும்பத்தையும் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது அவ்வளவுதான்.

பாம்பின் கால் பாம்பறியும் என்பது பழமொழி. காரின் காலை நாம்தான் அறிய வேண்டும். இந்த இதழை மடித்து வைத்துவிட்டு, கைப்பேசி விளக்கோடு கீழே இறங்கிப் போய் அந்த நான்கு எண்ணைப் படித்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. அடுத்த வாரம் சந்திப்போம்.